ஊவாவின் ஓவியங்களை ஊவா பார்க்க வேண்டும்

மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த ஓவியர்களின் படைப்புகள் இன்று கொழும்புக் காட்சிக்கூடங்களில் தனி இடம் பிடித்துள்ளன. ஹட்டனில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே நிறமாக்கியவர். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்த அருள்ராஜ் உலகநாதனின் படங்களில் லயக் குடியிருப்பும் மலையும் தொழிலாளியின் உடலும் திரும்பத் திரும்ப வருகின்றன. இவர்களுக்குக் கிடைத்த கவனம் நியாயமானது. ஆனால் இந்தப் படங்களில் இருக்கும் மக்களில் பெரும்பாலோருக்கு இவற்றைப் பார்க்கும் வாய்ப்பில்லை. ஊவா மாகாணத்துப் பதுளையிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் கூலியையும் பயணச் செலவையும் இழக்க வேண்டும். கண்காட்சி பார்ப்பதற்காக எந்தக் குடும்பமும் அதை இழக்காது.

இதில் நட்டம் தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஓவியத்துக்கும்தான். தேயிலைச் சாயத்தைக் காகிதத்தில் ஒரு தடவை பூசினால் வைக்கோல் நிறம் வரும். காய்ந்த பின் மேலும் மேலும் பூசினால் செம்பழுப்பாகும். நீர் வற்றிய விளிம்பில் கறை ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோட்டின் பொருளை நகரத்துப் பார்வையாளர் சுவரில் ஒட்டிய குறிப்பைப் படித்துத்தான் அறிவார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களை உடைய பெண்ணுக்கு அந்தக் குறிப்பு தேவையில்லை. படம் பொய் சொன்னால் முதலில் கண்டுபிடிப்பவளும் அவளே. அந்த விமர்சனத்துக்கு ஆளாகாத கலை, அனுதாபத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றுவிடும்.

ஊவாவில் காட்சிக்கு வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் மாசி மாதத்தில் தோட்டத்துப் பக்கம் வந்து பார்க்கலாம். காமன் கூத்துக்கு வேசம் கட்டும் கலைஞர்கள் அட்டையிலும் ஜிகினாத்தாளிலும் கிரீடமும் புஜக்கட்டும் செய்கிறார்கள். வீரபத்திரனுக்கு ஒரு முகம், எமனுக்கு வேறொரு முகம், ரதிக்கும் மதனுக்கும் இன்னொன்று என்று அரிதாரம் தீட்டத் தெரிந்த கைகள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. கூத்து முடிந்ததும் அந்தப் பொருட்கள் கூரை இடுக்குக்குப் போய் ஈரத்தில் இற்றுவிடுகின்றன. கோயில் சுவரில் சாமி வரைபவர், தப்புக்குத் தோல் கட்டுபவர், பாடசாலையில் சித்திரம் படித்துவிட்டு வேலை தேடி நகரத்துக்குப் போன இளைஞர் ஆகியோரைக் கலைஞர் என்று அழைக்கும் வழக்கம் தோட்டங்களில் இல்லை. எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்திராவிட்டால் அவற்றில் பலவும் பாடியவர்களோடு மறைந்திருக்கும். கண்ணால் பார்க்கும் கலைகளுக்கு அப்படி ஒரு தொகுப்பாளர் வாய்க்கவில்லை.

ஊவாவின் மீரியபெத்த தோட்டத்தில் ஒரு காட்சிக்கூடத்தின் தேவை மேலும் கூர்மையாகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் தப்பினர். திரும்பியபோது வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அந்த நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. தேடுதல் நிறுத்தப்பட்டபோது பலரது உடல்கள் மண்ணுக்குள்ளேயே இருந்தன. தப்பிய குடும்பங்களுக்கு 2016இல் மாகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. கல்யாணப் படமும் பிறப்புச் சான்றிதழும் மண்ணோடு போன குடும்பங்களுக்கு இறந்தவரின் முகத்தை நினைவிலிருந்து வரைந்த ஒரு படம் வெறும் அலங்காரப் பொருளாகாது. ஆனால் எதை வெளியில் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்ற முடிவு அந்தக் குடும்பங்களுடையதாக இருக்க வேண்டும். துக்கத்தைச் சுற்றுலாப் பொருளாக்கும் கண்காட்சி வேண்டியதில்லை.

சம்பளம், காணி, வீடு ஆகியவை கிடைக்காத மக்களுக்குக் கலைக்கூடம் எதற்கு என்ற கேள்வி எழும். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதைக் கேட்பவர்களில் பலர் சம்பளத்துக்காகவும் பெரிதாக எதுவும் செய்தவர்களல்லர். காணிப் போராட்டத்துக்கும் ஒரு சுவர் தேவைப்படுகிறது. லயத்தின் காம்பிரா அறையை அளவோடு வரைந்த ஒரு படம், பத்து மனுக்கள் சொல்ல முடியாததைச் சொல்லிவிடும். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டிருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் நடத்தும் அந்த இடம், மலையகத்தில் இது நடக்காது என்ற பேச்சுக்கு நல்ல பதில். அதே முயற்சியை ஊவாவிலும் தொடங்க வேண்டும்.

ஊவாவுக்குப் புதிய மாளிகை தேவையில்லை. அடிக்கல் நாட்டி, பெயர்ப்பலகை மாட்டி, பிறகு பூட்டு தொங்கும் கட்டடங்கள் போதிய அளவு உள்ளன. கொஸ்லந்தை, ஹல்துமுல்லைப் பகுதியில் பயன்பாடு குறைந்த ஒரு மண்டபமோ கைவிடப்பட்ட கொழுந்து மடுவமோ போதும். மலை ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் கூரை ஒழுகாமலும் சுவரிலிருந்து படம் சற்று விலகியும் இருக்க வேண்டும். செலவில் பெரும் பங்கு இதற்கே போகும். மலையை விட்டுப் பெண்கள் இறங்கும் மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மண்டபம் திறந்திருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கும் கூடத்துக்கு அலுவலர்கள் மட்டுமே வருவார்கள். படங்களைத் தெரிவு செய்யும் குழுவில் கூத்து வாத்தியாரும் சித்திர ஆசிரியரும் கொழுந்து பறிக்கும் பெண்களும் இடம்பெற வேண்டும். கொழும்பில் தொங்கிய படங்களும் இங்கே ஒரு மாதமாவது வந்து போகட்டும். காட்சிப்படுத்தும் கலைஞருக்குச் சிறிய தொகையாயினும் கொடுக்கப்பட வேண்டும், பொன்னாடை கூலியாகாது.

சட்டத்தைக் காரணம் காட்டிப் பிரதேச சபைகள் ஒதுங்கவும் இனி வழியில்லை. தோட்டப் பகுதிகளில் பிரதேச சபைகள் சேவை செய்வதற்கு நெடுங்காலம் தடையாக நின்ற ஏற்பாடு 2018இல் திருத்தப்பட்டது. தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனாலும் காணியின் உரிமை அரசிடமே இருக்கிறது; கம்பனிகள் வைத்திருப்பது குத்தகை. ஆகவே ஒரு மண்டபத்தை விடுவிக்க முதலில் தேவைப்படுவது சபையின் தீர்மானமும், குத்தகைக்காரரின் எழுத்து மூலமான சம்மதமும், ஆண்டுச் செலவுக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியும்தான். தீர்மானத்தைக் கொண்டுவர ஓர் உறுப்பினர் போதும். அடுத்த மாதக் கூட்டத்திலேயே அதைச் செய்யலாம்.