மொய் நோட்டு கற்றுத்தரும் பாடம்

ஆடி, ஆவணி மாதங்களில் தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளிலும், அதையொட்டிய புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலும் மொய் விருந்துகள் நடைபெறுவது வழக்கம். திருமணம், காதணி விழா போன்ற காரணம் எதுவும் இன்றி, மொய் பெறுவதற்காகவே வைக்கப்படும் விருந்து இது. பலர் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே பந்தலில் விருந்தளிப்பதும் உண்டு. ஒருவர் ஏறத்தாழ 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை விருந்து வைத்து, அதுவரை தாம் பிறருக்குச் செய்த மொய்யை மொத்தமாகத் திரும்பப் பெறுகிறார். வட்டி கிடையாது, ஈடு கிடையாது, கடன் பத்திரமும் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே ஆவணம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், கிராம மக்கள் தாங்களாகவே உருவாக்கிக்கொண்ட நிதி அமைப்பு என்றே இதை நான் கருதுகிறேன். இப்படிக் கிடைத்த தொகையில் நிலம் வாங்கியவர்கள், ஆழ்துளைக் கிணறு அமைத்தவர்கள், பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தவர்கள் பலர். 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயலும், 2020-இன் கரோனா பொது முடக்கமும் இந்தச் சுழற்சியைத் தடுமாறச் செய்தன. ஆயினும், வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு இன்றும் தொடர்கிறது.

இவ்வளவு ஒழுங்குடன் மொய்க் கணக்கை நேர்செய்யும் அதே டெல்டா குடும்பங்களில் நகைகள் ஆண்டுக்கணக்கில் அடகில் இருக்கின்றன. வாரத் தவணை நுண்கடனும், தண்டல்காரரின் வரவும் ஓய்வதில்லை. 'சிக்கனம் தெரியாதவர்கள்' என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிக்கல், வரவும் செலவும் வெவ்வேறு நாள்காட்டியில் நடப்பதில் இருக்கிறது.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட்டால், குறுவைப் பணம் கைக்கு வர செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். சம்பா, தாளடிப் பணம் தை, மாசியில்தான் வரும். ஆக, ஆண்டுக்கு இரண்டு முறை மட்டுமே மொத்த வரவு. ஆனால், மளிகையும் மருத்துவமும் மாதந்தோறும் காத்திருக்கின்றன. உழவுச் செலவு தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் பள்ளிக் கட்டணமும் வந்து நிற்கிறது.

வரவேண்டிய பணமும் குறித்த நாளில் வருவதில்லை. 2025-26 பருவத்துக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்து, சன்னரக நெல் குவிண்டாலுக்கு ரூ.2,545, பொதுரகத்துக்கு ரூ.2,500 என அறிவிக்கப்பட்டது. விலை உயர்ந்தும், அக்டோபர் மழையில் கொள்முதல் நிலைய வாசல்களில் நெல் குவிந்து கிடந்தது. 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோரி விவசாயிகள் போராட வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு நாள்களில்தான் புதிய கடன்கள் பிறக்கின்றன.

கடனின் உண்மையான விலையும் பலருக்குத் தெரிவதில்லை. 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்களில் 10,000 ரூபாய் வசூலிக்கும் தண்டலில், போனது 1,000 ரூபாய்தானே என்று தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது 75 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டியாகும். நகைக்கடனிலோ, தங்கத்தின் விலை ஏற ஏற அதே சங்கிலிக்குக் கூடுதல் தொகை கிடைக்கிறது. வட்டியைக் கட்டி மறு அடகு வைத்துக் கூடுதல் பணம் பெறும்போது, கடன் வளர்வதே உறைப்பதில்லை.

கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் சட்டம் வந்தது. கடன் வசூலில் அத்துமீறுவதைத் தடுக்க 2025-இல் மற்றொரு சட்டத்தை தமிழக சட்டப்பேரவை நிறைவேற்றியது. நுண்கடன் பெறும் குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. நல்ல விதிதான். ஆனால், ஆடி மாதத்தில் சிறு விவசாயிக்கோ விவசாயத் தொழிலாளிக்கோ மாத வருமானம் என்று என்ன இருக்கிறது?

2016-இல் ரூ.5,780 கோடி, 2021-இல் ரூ.12,110 கோடி எனக் கூட்டுறவுப் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. நொடித்துப்போன குடும்பங்களுக்கு அவை தேவையான நிவாரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பழைய கடனை அழிக்கும் தள்ளுபடி, அடுத்த ஜூன் மாதத்தின் பற்றாக்குறையை அழிப்பதில்லை. அதற்குத் தேவை, பணத்தைக் கையாளும் பழக்கத்தில் ஒரு மாற்றம். அதற்கான வழியை மொய் விருந்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

மொய் முறை நிலைத்திருப்பதற்குக் காரணங்கள் மூன்று: எழுதிவைத்த கணக்கு, குறித்த நாள், ஊரார் என்னும் சாட்சி. நமது சொந்தச் சேமிப்புக்கு இந்த மூன்றுமே இல்லை. எனவே, மொய் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நோட்டு வேண்டும். யாரிடம், என்ன வட்டிக்கு, எவ்வளவு கடன் என்பது அதில் இருக்க வேண்டும். செய்ய வேண்டிய மொய்யும் ஒரு கடன்தான். நகையை அடகு வைத்து மொய் செய்யும் நிலை வராதிருக்க, அதுவும் முன்கூட்டியே அந்தக் கணக்கில் ஏற வேண்டும்.

நெல் பணம் வங்கிக் கணக்கில் வரவாகும் நாளே குறித்த நாள். அன்றே முதலில் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கட்டிவிட வேண்டும்; தவணை தவறாதவர்களுக்குத்தான் அது வட்டியில்லாக் கடன். அடுத்து, அதிக வட்டிக் கடன். பிறகு, அடுத்த சாகுபடிக்கான விதை, உரச் செலவு. எஞ்சியதை அடுத்த அறுவடை வரையிலான மாதங்களால் வகுத்தால், அதுவே அந்தக் குடும்பத்தின் மாதச் சம்பளம். எல்லாவற்றுக்கும் பணம் போதாமல் போகலாம். எவ்வளவு போதவில்லை என்பது ஜூன் மாதத்தில் அல்லாமல் பிப்ரவரியிலேயே தெரிந்துவிடுவது பெரிய லாபம்.

சாட்சி, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கணவர் வாங்கிய கடன் மனைவிக்குத் தெரியாமலும், மனைவி குழுவில் வாங்கிய கடன் கணவருக்குத் தெரியாமலும் இருக்கும் வீட்டில் எந்தக் கணக்கும் நேராகாது.

நிறுவனங்களும் தங்கள் பங்கைச் செய்தாக வேண்டும். நுண்கடன் நிறுவனங்கள் டெல்டாவில் வாரத் தவணைக்குப் பதிலாக அறுவடைத் தவணையை ஏற்கலாம். விவசாயி விரும்பினால், நெல் பணத்தில் ஒரு பகுதி நேரடியாகச் சேமிப்புக்குச் செல்லும் ஏற்பாட்டைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் செய்து தரலாம். கொள்முதல் தாமதத்தை அரசு தவிர்த்தால், ஒரு கடனுக்கான தேவையே இல்லாமல் போகும். அவையெல்லாம் நடக்கும் வரை, 40 பக்க நோட்டு ஒன்றுடன் இந்தச் சம்பா அறுவடையிலேயே தொடங்கிவிட எந்தக் குடும்பத்துக்கும் தடை இல்லை.