விரல் வைத்துப் படித்த தாள்

கடலாடிக் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. காலை ஆறு மணிக்கே தினத்தந்தி நாலு தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். கடைசி பெஞ்சில் சாயல்குடிப் பக்கத்துப் பனையேறித் தாத்தா ஒருவர் உட்கார்ந்திருப்பார். காய்ப்பேறிய ஆட்காட்டி விரலை வரிமேல் வைத்து, வாய்விட்டு எழுத்துக் கூட்டுவார். மரத்தில் உரசி உரசி அந்த விரலில் ரேகையே இல்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவர். "எனக்கு வாத்தியாரு இந்தப் பேப்பருதான் தம்பி" என்பார்.

அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சி.பா. ஆதித்தனார் நினைவுதான். திருச்செந்தூர் பக்கம் காயாமொழியில் 1905-ல் பிறந்தவர். இங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் அந்த ஊர்ப்பக்கம் வரும். அங்கேயும் இதே பனை, இதே உப்புக்காற்று. லண்டனில் பாரிஸ்டர் படித்து, சிங்கப்பூரில் வக்கீல் தொழில் பார்த்தவர், 1942-ல் உலகப் போருக்கு நடுவே மதுரையில் இந்தத் தாளை 'தந்தி' என்ற பெயரில் தொடங்கினார். பெரிய எழுத்தில் தலைப்பு, சின்னச் சின்ன வாக்கியம், கொச்சை நீக்கிய பேச்சுத் தமிழ். எப்படி எழுத வேண்டும் என்று 'இதழாளர் கையேடு' என ஒரு புத்தகமே எழுதினார். தன் வழக்கில் தன் வக்கீல் என்ன பேசுகிறார் என்றே புரியாமல் கோர்ட்டில் கைகட்டி நிற்கும் கட்சிக்காரர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

கொலையையும் கொள்ளையையும் பெரிதாகப் போடுகிறார்கள் என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த மனத்தாங்கல் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் படித்தவர்கள் யாரும் இந்தத் தாத்தாவுக்காக ஒரு வரி எழுதவில்லையே!

ஆதித்தனார் அரசியலிலும் இருந்தார். 1958-ல் 'நாம் தமிழர்' இயக்கம் கண்டார். 1967-ல் சட்டப்பேரவைத் தலைவரானார். பேரவை திருக்குறளோடு தொடங்கும் வழக்கம் அவர் காலத்தில் வந்தது. பிறகு அமைச்சர். 1981-ல் மறைந்தார். பதவிகளை ஊர் மறந்துவிட்டது. தாள் மட்டும் தினமும் விடிவதற்குள் வந்து இறங்குகிறது. 1960-ல் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதையைத் தாத்தா இன்னும் விட்டபாடில்லை.

நேற்றுக் காலையில் அவர் விரல் ஒரு சொல்லில் நின்றுவிட்டது. உ... ச்... ச... என்று மெதுவாகக் கூட்டினார். நான் சொல்லித் தர வாயெடுத்தேன். "இரு தம்பி" என்று கையமர்த்தினார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "உச்ச நீதிமன்றம்" என்று முழுதாகப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தப் பெரிய கோர்ட்டுதானே?"