எங்கட றோட்டின்ர கதையை ஆர் சொல்லுறது?

2009க்குப் பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வன்னி பார்க்க வந்தார்கள். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணித் தாங்கி, ஆனையிறவில் இராணுவ நினைவுச்சின்னம், பரந்தன் சந்தியில் ஏ35இல் திரும்பினால் புதுக்குடியிருப்பில் வெற்றித் தூபி. எல்லா இடமும் கதை ஆமியின்ரதான். பிரபாகரனின் நிலக்கீழ் வீட்டைக் காட்டினதும் ஆமி, 2013 ஒக்டோபரில் தகர்த்ததும் ஆமி.

சிட்னி தாவரவியல் பூங்காவில் ஆதிக்குடி வழிகாட்டிகளும் உண்டு. அவர்களுக்கும் நிலம் பறிபோனதுதான். ஆனால் கதை சொல்லுற வாய் அவர்களுடையது.

"சுற்றுலா வந்தால் வருமானம்தானே" எண்டு சிலர் கேக்கினம். வரட்டும், வேண்டாம் எண்டில்லை. ஆனால் கனகபுரம் துயிலுமில்லத்தை இடிச்சுப்போட்டு வெற்றித் தூபியைக் காட்டுறதுக்குப் பேர் சுற்றுலா இல்லை, வென்றவன்ர பாடம்.

பரந்தன் கெமிக்கல் தொழிற்சாலை ஓடின காலத்தை அங்க வேலை செய்த ஒரு அப்பு சொல்லட்டும். முள்ளிவாய்க்கால் வரை நடந்த ஒரு அக்கா இந்த றோட்டைச் சொல்லட்டும். பலகையில் எங்கட மொழி முதலில் இருக்கட்டும். தெற்கிலிருந்து வாற பிள்ளைகளும் இருந்து கேக்கட்டும். அவைக்குத்தான் இந்தக் கதை இன்னும் போய்ச் சேரேல்லை.