பந்தயக் கிளைடரும் பரிசோதனைக் குறிப்பேடும்

மலைச்சரிவில் வந்து மோதும் காற்று, செல்வதற்கு வேறு வழியின்றி மேல்நோக்கித் திரும்புகிறது. எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் இம்மேலெழு காற்றில் நெடுநேரம் மிதக்க வல்லது. 1911ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையிலுள்ள மணற்குன்றில் ஆர்வில் ரைட் இவ்வாறு 9 நிமிடம் 45 வினாடி வானில் நின்றார். ரேடியோ அலைகளைக் கொண்டு தரையிலிருந்து இயக்கப்படும் சிறு கிளைடர்கள் இன்று அதே தத்துவத்தில் பந்தயம் பறக்கின்றன. சரிவின் விளிம்பை ஒட்டி 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு எல்லைகள் குறிக்கப்படும். அவற்றுக்கிடையே பத்து முறை, அதாவது 1000 மீட்டர் தூரத்தை, ஒவ்வொரு கிளைடரும் தனித்தனியே எத்தனை வினாடியில் கடக்கிறது என்பதே கணக்கு. சர்வதேச விமானச் சம்மேளனம் எஃப்3எஃப் என்று பெயரிட்டுள்ள இவ்வகுப்பின் முதல் உலகப் போட்டி 2012இல் ஜெர்மனியின் ரூகன் தீவில் நடைபெற்றது.

நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு, மாதிரி விமானக் கலையைத் தன் பயிற்சியில் சேர்த்துள்ளது. பள்ளிகளும் கல்லூரிகளும் இதில் நாட்டம் காட்டுவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பரிசு என்று வரும்போது, வேகமாகப் பறந்த விமானத்துக்கும் அழகாக அமைந்த விமானத்துக்கும் அது போய்விடுகிறது. அவ்விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலைக்குக் கொணர மாணவன் செய்த வேலையை எவரும் கேட்பதில்லை. உண்மையில் விஞ்ஞானப் பாடம் முழுவதும் அந்த வேலையிலேதான் அடங்கியிருக்கிறது. பந்தய நேரத்துக்கு மதிப்பெண் வழங்குவதைக் காட்டிலும், சோதனைப் பறப்பின் குறிப்பேட்டுக்கு வழங்குவதே முறையாகும்.

இதற்கு எதிராகக் கூறப்படுவது ஒன்றுண்டு. தேர்ந்த விமானிகள் தம் கிளைடர்களின் அளவுகளை அட்டவணையாகத் தருகின்றனர். ஈர்ப்பு மையம் இத்தனை மில்லிமீட்டரில், தட்டுகளின் அசைவு இத்தனை மில்லிமீட்டர் என்று அனைத்தும் அதில் உண்டு. அவற்றை அப்படியே பின்பற்றினால் போதாதா என்பதே அது. அட்டவணை தொடக்கத்துக்கு உதவும். அதற்கு மேல் உதவாது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு கிளைடர்களும் எடையில் ஒத்திருப்பதில்லை. வால்தட்டு பொருந்தும் கோணம் அரை டிகிரி மாறினாலும் மற்றெல்லாம் மாறிவிடும். பிறர் கண்ட விடையை எழுதிக்கொண்ட மாணவன், தன் விமானம் ஏன் அவ்வாறு பறக்கிறது என்பதை அறியாமலே இருந்துவிடுகிறான்.

முதற் பறப்புக்கு முன் தரையிலேயே செய்யவேண்டியவை பல. ஈர்ப்பு மையத்தை வடிவமைப்பாளர் குறித்த எல்லையில் முன்பக்கமாகவே வைத்துத் தொடங்க வேண்டும். மூக்குக் கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், பின்கனத்த விமானமோ அடங்காது. இரு இறக்கைகளும் ஒத்த எடையுடையனவா, ரேடியோ தக்க தூரம் எட்டுகிறதா என்பனவும் காணத்தக்கவை. மிதமான காற்றில், காற்றை நேராக எதிர்த்து, மூக்கு சற்றே தாழ்ந்திருக்கக் கிளைடரை உறுதியாக எறிய வேண்டும். மேல்நோக்கி எறிவது பழகாதவர் செய்யும் தவறு. வேகம் பெறுமுன்பே விமானம் தளர்ந்து விழும்.

விமானம் சீராகப் பறக்கத் தொடங்கியபின் செய்யப்படும் பாய்ச்சல் சோதனைதான் ஆசிரியர்கள் கருத்தூன்றத்தக்கது. மிதமான வேகத்தில் கைவிட்டாலும் நேராகச் செல்லுமாறு எலிவேட்டரை, அதாவது வாலின் ஏற்ற இறக்கத் தட்டை, முதலில் சீர்செய்துகொள்ள வேண்டும். பிறகு போதிய உயரத்திலிருந்து கிளைடரை ஏறத்தாழ 45 டிகிரிச் சாய்வில் கீழ்நோக்கிச் செலுத்தி, பிடியை விட்டுவிட வேண்டும். அது விரைந்து செங்குத்தாக நிமிர்ந்தால் ஈர்ப்பு மையம் மிகவும் முன்னே இருக்கிறது என்று பொருள். பாய்ச்சல் இன்னும் செங்குத்தானால் மையம் மிகவும் பின்னே இருக்கிறது. மெல்ல நிமிர்வதே வேண்டுவது. பந்தய விமானிகள் அந்நிமிர்வையும் மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வர்.

இதன் காரணம் எளியது. மூக்குக் கனத்த விமானம் நேராகப் பறக்கவேண்டுமானால் வால்தட்டு அதன் மூக்கை ஓயாமல் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். மூக்கின் எடை வேகத்தால் மாறுவதில்லை. வால்தட்டின் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மெதுவான பறப்பில் ஒன்றையொன்று சரிக்கட்டிய இரண்டும் பாய்ச்சலில் சமன் குலைகின்றன. வகுப்பில் கரும்பலகையில் வெறும் சூத்திரமாக நிற்பதை இங்கே மாணவன் கண்ணாரக் காண்கிறான்.

ஆனால் சோதனையின் விடையைத் தவறாகப் படிப்பதும் எளிது. கிளைடர் நிமிர்கிறது என்று கண்டதும் மூக்கிலிருந்து ஈயத்தை எடுத்துவிட்டு, எலிவேட்டரைத் தொடாமல் மறுபடி பறக்கவிடுவோர் பலர். பழைய எலிவேட்டர் நிலையே நீடிப்பதால், இப்போது விமானம் தலை தூக்கித் தள்ளாடுகிறது. உடனே, எடுத்த ஈயம் அதிகமென்று கருதி அதைத் திரும்ப வைத்துவிடுகின்றனர். ஈயத்தை 5 கிராம் அளவில் குறைத்து, எலிவேட்டரைச் சற்றே தாழ்த்தி முன்னைய வேகத்தையே வரச்செய்து, அதன்பின் மறுபடி பாயவிட்டிருந்தால் விடை தெளிவாகியிருக்கும். வேறொரு மயக்கமும் உண்டு. எலிவேட்டரை இயக்கும் கம்பி வளைந்து கொடுக்குமானால், பாய்ச்சலின் வேகத்தில் காற்று தட்டைத் தள்ளிவிடும். மையம் சரியாக இருக்கும்போதும் பாய்ச்சல் செங்குத்தாகும். ஆகவே பறப்பதற்கு முன் தட்டை விரலால் அழுத்தி, அது இளகுகிறதா என்று பார்ப்பது அவசியம். இடையில் ஒரு காற்று வீச்சு குறுக்கிட்டாலும் விடை பொய்க்கும். ஒரே திசையில் மூன்று முறையாவது பாயவிட்டு, மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு விளைவுக்கு எத்தனை காரணம் இருக்கக்கூடும், அவற்றை எவ்வாறு ஒன்றொன்றாக விலக்குவது என்று கற்பிக்க இதனினும் நல்ல வாய்ப்பைப் பள்ளி ஆய்வுக்கூடம் தருவது அரிது.

பந்தயத்துக்கான மற்ற அமைப்புகள் இதற்குப் பின்னரே வரும். எல்லையில் திரும்பும்போது, எலிவேட்டரோடு சேர்ந்து இறக்கையின் பின்விளிம்பும் சிறிது தாழுமாறு ரேடியோவில் அமைப்பதுண்டு. தூக்குவிசை மிகுந்து திருப்பம் குறுகும். இதனை அளவுமீறி வைத்தால் வேகம் போய்விடும். பலத்த காற்றில் கிளைடருக்குள் பாரக்கட்டிகளை ஏற்றுவர். வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2 கிலோ எடையை 4½ கிலோவாக்கினால் வேகம் ஒன்றரை மடங்காகும். 60 சதுர டெசிமீட்டர் பரப்புள்ள விமானத்துக்கு விதிகள் அனுமதிக்கும் எல்லையும் அதுவே, ஏனெனில் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 75 கிராமுக்கு மேல் கூடாது. பாரம் ஈர்ப்பு மையத்திலேயே அமைய வேண்டும். இல்லையேல் அரும்பாடுபட்டுச் செய்த பாய்ச்சல் சோதனையெல்லாம் வீணே.

பணச்செலவு பற்றிய கவலை நியாயமானது. ஏறத்தாழ 3 மீட்டர் இறக்கையுள்ள கார்பன் இழைக் கிளைடர் பள்ளிக்கு எட்டாது, தேவையுமில்லை. பாலிபுரொப்பிலீன் நுரையாலான ஒன்றரை மீட்டர்க் கிளைடர் தரையில் மோதினாலும் எளிதில் நொறுங்குவதில்லை. பாய்ச்சல் சோதனைக்கு அதுவும் அதே விதமாகவே விடை சொல்லும். இடத்தைத் தேர்வதில்தான் சிக்கனம் கூடாது. சரிவின் விளிம்புக்குப் பின்னால் காற்று சுழன்று கீழிறங்கும். அங்கே தாழப் பறந்த கிளைடர் பிழைப்பது அரிது. பறக்கும் பாதையின் கீழே ஆட்களோ சாலையோ இருக்கலாகாது. அரசு வெளியிடும் வான்வெளி வரைபடத்தில் அவ்விடம் தடைப்பகுதியில் உள்ளதா என்பதையும் முன்னரே பார்த்துவிட வேண்டும்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரு பறப்புக்கு உரியது. நாள், காற்றின் வேகமும் திசையும், ஈர்ப்பு மையத்தின் இடம், மாற்றப்பட்டது எது, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன ஆகியவை அதில் இருந்தால் போதும். மாற்றம் பக்கத்துக்கு ஒன்றே இருக்கவேண்டும். இரண்டு மாற்றங்களைச் செய்த பக்கத்துக்கு ஆசிரியர் மதிப்பெண் தராமல் விடலாம். எதிர்பார்த்ததைப் பறப்புக்கு முன்பே மையால் எழுதச் செய்வது நல்லது, பின்னர் திருத்தும் ஆசை எவருக்கும் எழக்கூடியதாதலால். ஐந்தாம் பறப்பிலேயே கிளைடர் உடைந்துவிட்ட மாணவனின் குறிப்பேடு, அது உடைந்த காரணத்தை முந்தைய நான்கு பக்கங்களிலிருந்து எடுத்துக் காட்டுமானால், வென்ற மாணவனுக்குரிய மதிப்பெண்ணை அவனுக்கும் தருவதில் தடையொன்றும் இல்லை.