விரத அடுக்களையில் ஏர் பிரையர்

புரட்டாசித் திங்கள் பிறந்தால் கிள்ளான் அருள்மிகு சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில் சனிக்கிழமைதோறும் அடியார் கூட்டம் அலைமோதும். அன்பர் பலரும் அம்மாதம் முழுவதும் புலால் நீக்கி விரதம் காப்பர். அவர்தம் இல்லங்களில் இன்று எழும் ஐயம் ஒன்று உண்டு: ஆண்டெல்லாம் கோழி பொரித்த ஏர் பிரையரில் விரத நாளில் வாழைக்காய் வறுக்கலாமா?

சட்டி பானையைப் புளியிட்டுத் துலக்கிவிடலாம். இக்கருவி அத்தகையதன்று. 2010-இல் பிலிப்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இதில், மேற்புறத்தே மின்சுருள் சூடேற, விசிறி அவ்வெப்பக் காற்றைக் கூடையைச் சுற்றிச் சுழலச் செய்கிறது. இறைச்சியின் கொழுப்புத் துளிகள் காற்றோடு பறந்து சுருளில் படிகின்றன. கூடையைக் கழுவலாம்; சுருளை நீரில் அமிழ்த்த இயலாது. மறுமுறை சூடேறும்போது அந்த வாடையே காய்கறியின்மேல் வீசும். ஆகவே விரதத்துக்குத் தனிக் கருவி வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் சிற்றடுக்களையில் இரண்டாவதற்கு இடமேது என்பார், அம்மாதம் அதனை மூடிவைப்பதே முறை.

கருவியைப் பழிப்பதற்கில்லை. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுந்துள்ள நிலையில், சேனையும் வெண்டையும் ஒரு கரண்டி எண்ணெயில் மொறுமொறுவென வருவது முதியோருக்கு நன்மையே. (விரதம் என்ற பெயரில் வேளைதோறும் அப்பளமும் வடையும் பொரித்துண்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.) ஆனால் அனுமனுக்குச் சாற்றும் வடைமாலைக்கு இது உதவாது. உளுந்து மாவு கூடைத் துளைகளில் வழிந்துவிடும். கொதிக்கும் எண்ணெயில் விழுந்த கணமே மேற்புறம் இறுகினால்தான் வடை உருப்பெறும். அதற்கு இரும்புச்சட்டியே வேண்டும்.