பத்துப் பந்துகள்

உங்களுக்கு அம்மானை ஆடத் தெரியுமா? தெரியாவிட்டால் பாதகமில்லை. மூன்று எலுமிச்சம்பழங்களை எடுத்து மாற்றி மாற்றி வீசிப் பாருங்கள். அரை நிமிஷத்தில் ஒன்று அலமாரிக்கு அடியில் போய்விடும்!

என்ரிகோ ரஸ்டெல்லி என்ற இத்தாலியர் பத்துப் பந்துகளை வீசிப் பிடித்தார். 1896-ல் ருஷ்யாவில், ஸமாரா நகரில் பிறந்தவர். தாய், தகப்பனார் இருவரும் ஸர்க்கஸ்காரர்கள். கூடாரம் அடித்த ஊரே வீடு. கூடாரத்தைப் பிரித்தால் வீடும் போச்சு!

பத்துப் பந்துக்குக் கை வேகம் மட்டும் போதாது. பந்துகள் கூடக் கூட, அவை ஆகாயத்தில் அதிக நேரம் தங்கவேண்டும். இரு மடங்கு நேரம் தங்க வேண்டுமானால், நாலு மடங்கு உயரம் வீசவேண்டும். அந்த உயரத்துக்கு, கை இம்மி கோணினாலும் பந்து எங்கோ போய் விழும். அதனால்தான் உலகப் புகழ் பெற்ற பிறகும் ரஸ்டெல்லி தினமும் பல மணி நேரம் சாதகம் செய்தார். காய்ச்சலோ, பிரயாணக் களைப்போ, ஆட்ட மணி அடித்துவிட்டால் ஸர்க்கஸ்காரரிடம் அதெல்லாம் செல்லாது.

1931 டிசம்பரில், 35-வது பிறந்த நாளுக்கு ஆறே நாள் இருக்கையில், பெர்காமோ நகரில் அவர் காலமானார்.

ஒன்று கவனித்தீர்களா, சகோதரிகளே? ஒன்பது பந்துகள் கையில் வந்து சேருவதை யாரும் எண்ணுவதில்லை. பத்தாவது விழுந்தால் கொட்டகையே பார்க்கிறது. தினசரி சமைப்பவருக்கு இது புரியும்; என்றோ ஒரு நாள் உப்புக் கூடினால்தானே வீட்டில் பேச்சு!

அடுத்த முறை ஸர்க்கஸில் பந்து தவறினால் 'உச்'சுக் கொட்டாதீர்கள். அதைக் குனிந்து எடுத்து மறுபடி ஆரம்பிப்பார், பாருங்கள். அதற்குக் கை தட்டுங்கள்.