காது கேட்காதவருக்கு போனில் அப்பாயின்ட்மென்ட்!

இ.என்.டி டாக்டரிடம் போனால் "வாயைத் திறங்க, ஆ சொல்லுங்க" என்பார். 2020 மார்ச்சில் பிரிட்டனில் அப்படிச் சொல்லவே டாக்டர்கள் தயங்கினார்கள். கொரோனா வைரஸ் குடியிருந்த மூக்குக்கும் தொண்டைக்கும் அருகேதான் அவர்கள் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். டார்பி, பர்ட்டன் மருத்துவமனைகளின் இ.என்.டி நிபுணர் அம்ஜத் எல்-ஹவ்ரானி, மார்ச் 28 அன்று கொரோனாவுக்கு பலியானார். வயது 55.

இத்தனைக்கும், எச்சரிக்கை மணி அடித்ததே இ.என்.டி டாக்டர்கள்தான். காய்ச்சல், இருமல் இல்லாவிட்டாலும் திடீரென வாசனை தெரியாமல் போனால் அது கொரோனாவாக இருக்கலாம் என்று கிளேர் ஹாப்கின்ஸ், நிர்மல் குமார் இருவரும் மார்ச் 20 அன்றே அறிக்கை விட்டார்கள். பிரிட்டன் அரசு அதை அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது மே 18-ல். ஏறக்குறைய இரண்டு மாதம்! அதற்குள் எத்தனை பேர் ஒன்றுமில்லை என்று நினைத்து வெளியே நடமாடினார்களோ.

மருத்துவமனைகள் வேகமாக மாறின. டான்சில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. மூக்குக்குள் எண்டோஸ்கோப் விடுவது தவிர்க்கவே முடியாதவர்களுக்கு மட்டும் என்றானது. மூக்கில் ரத்தம் கொட்டி வந்தவர்களுக்கு, முடிந்தவரை, தானே கரையும் பொருளை அடைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அடைப்பை எடுக்க இன்னொரு முறை வர வேண்டாம் அல்லவா?

சிக்கல், குரல் கம்மியவர்கள், கழுத்தில் கட்டியோடு வந்தவர்கள் விஷயத்தில். பலருக்கு அது சாதாரணமாக இருக்கும், சிலருக்குப் புற்றுநோய். நேரில் பார்க்காமல் எப்படிப் பிரிப்பது? போனில் வயது, புகைப்பழக்கம், விழுங்கும்போது சிரமம் உண்டா என்று கேட்டு, ஒரு கணக்கீட்டுக் கருவியில் போட்டு அபாயத்தைக் கணித்தார்கள். அபாயம் அதிகம் என்றால் உடனே நேரில், குறைவென்றால் காத்திருப்பு. துணிச்சலான ஏற்பாடுதான், வேறு வழியும் இல்லை.

ஆனால், போனையே நம்பிய ஏற்பாட்டில் காது கேட்காதவர் என்ன செய்வார்? வீட்டில் யாராவது இடையில் பேச வேண்டும். தன் உடம்பு விஷயத்தை மகனோ மருமகளோ சொல்ல, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது லேசான காரியமா? நேரில் போனாலும் டாக்டர் முகத்தில் மாஸ்க். உதட்டசைவைப் படித்துப் புரிந்துகொள்பவருக்கு அந்த வாசலும் அடைப்பு. வாய் தெரிகிற மாஸ்க் இரண்டரை லட்சம் தரப்போவதாக அரசு அறிவித்தபோது செப்டம்பர் வந்துவிட்டது.